நிலம் அளந்தவர் காற்றை அளந்தார்!
போலீஸ்காரர் மகன் ஜான் டிண்டலின் வாழ்க்கை

உலகம் முன்னைவிடச் சூடாகி வருகிறது. பனிமலைகள் உருகுகின்றன. மழை காலம் தவறிப் பெய்கிறது. இதற்கு என்ன காரணம்? எந்த எரிபொருளை எரிக்கலாம்? எதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்?

இவற்றை ஆராய்ந்து அரசாங்கங்களுக்கு யோசனை சொல்வதற்கென்றே இன்று ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். அதற்குத் தனிப் படிப்பு இருக்கிறது. தனி உத்தியோகமும் இருக்கிறது.

160 ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு உத்தியோகம் கிடையாது. அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. ஆனால் அந்த வேலையைச் செய்த மனிதர் ஒருவர் இருந்தார்.

அவர் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு நேராக ஆராய்ச்சிக்கு வந்தவர் அல்ல. வயல்வெளியில் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர். ரெயில் பாதைக்குக் கோடு போட்டவர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். வேலையை இழந்து வீட்டில் உட்கார்ந்திருந்தவர்.

அவர்தான் ஜான் டிண்டல்.

அளந்து பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டார். அளந்து பார்த்ததைச் சொல்லாமலும் இருக்க மாட்டார். அந்தக் குணத்தால் அவருக்குக் கிடைத்த புகழ் பெரிது. அதே குணத்தால் அவர் விட்ட வேலைகளும் உண்டு.

ஏழை வீட்டுப் பிள்ளை

அயர்லாந்து தேசத்தில் கார்லோ என்று ஒரு மாவட்டம். அங்கே பாரோ ஆற்றங்கரையில் லெய்லின்பிரிட்ஜ் என்ற சிற்றூர். அந்த ஊரில் 1820-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி டிண்டல் பிறந்தார்.

தகப்பனார் போலீஸ்காரர். சம்பளம் சொற்பம். சொத்து, நிலபுலன் எதுவும் இல்லை. ஆனாலும் மகனைப் படிக்க வைத்துவிட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அந்த நாளில் அயர்லாந்தில் கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையே பெரும் பகை. டிண்டல் குடும்பத்தார் புராட்டஸ்டண்டுகள். அக்கம்பக்கத்தில் கணக்கு நன்றாகச் சொல்லித் தரும் வாத்தியார் ஒருவர் இருந்தார். கான்வில் என்பது அவர் பெயர். அவரோ கத்தோலிக்கர்!

தகப்பனார் மதம் பார்க்கவில்லை. மகனை அவரிடமே அனுப்பினார்.

அந்த வாத்தியாரிடம் டிண்டல் கணிதம் படித்தார். நிலம் அளக்கும் முறையும் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் உலகத்தின் காற்றையே அளக்கப் போகிற கைக்கு அங்கேதான் முதல் பழக்கம் கிடைத்தது.

சங்கிலி பிடித்த கை

1839-ம் ஆண்டு அரசாங்கத்தின் நில அளவை இலாகாவில் டிண்டலுக்கு வேலை கிடைத்தது. வயலையும் சாலையையும் ஆற்றையும் அளந்து படம் தீட்டும் வேலை. மூன்று ஆண்டுகள் அயர்லாந்தில் இந்த வேலையைச் செய்தார். 1842-ல் இங்கிலாந்தில் பிரஸ்டன் என்ற நகரத்துக்கு மாற்றினார்கள்.

நில அளவையில் ஓர் அங்குலம் தவறினாலும் அந்தத் தவறு அடுத்த கோட்டில் ஏறும். அதற்கடுத்த கோட்டில் இன்னும் பெரிதாகும். ஆகவே அளந்ததை மறுபடியும் அளந்து பார்க்க வேண்டும். அந்தப் பொறுமை டிண்டலுக்கு இளமையிலேயே வந்துவிட்டது.

பகலில் வேலை. மாலையில் தொழிலாளர்களுக்காக நடந்த கல்விக் கழகத்துக்குப் போய் விஞ்ஞானச் சொற்பொழிவுகளைக் கேட்பார்.

அந்த இலாகாவில் ஊழியர்களுக்குப் பல குறைகள் இருந்தன. சம்பளம் குறைவு. நடத்தும் விதமும் சரியில்லை. ஊழியர்கள் ஒன்றுகூடிக் குறைகளை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்கள். முன்னின்றவர்களில் டிண்டலும் ஒருவர்.

பலன் என்ன? 1843-ம் ஆண்டு நவம்பரில் அவரை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள்.

வயது 23. கையில் வேலை இல்லை. ஊருக்குத் திரும்பினார். அமெரிக்காவுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார்.

ரெயில் பித்து

அந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் ஒரு பித்துப் பிடித்தது. ரெயில்வே பித்து! எங்கு பார்த்தாலும் புதிய ரெயில் கம்பெனிகள். எல்லா ஊருக்கும் பாதை போட வேண்டும் என்ற வேகம்.

பாதை போடுமுன் நிலத்தை அளக்க வேண்டும். மேடு எவ்வளவு, பள்ளம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நிலம் அளக்கத் தெரிந்தவர்களுக்கு ஏக கிராக்கி! 1844-ல் டிண்டலுக்கும் வேலை கிடைத்தது.

புதிய பாதைகளுக்கான திட்டங்களை 1845-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று கெடு இருந்தது. அந்தக் கடைசி வாரங்களில் அளவைக்காரர்கள் இரவு பகல் பாராமல் உழைத்தார்கள். டிண்டலும் அவர்களில் ஒருவர்.

ஹாலிபாக்ஸ் நகரத்தில் வேலை பார்த்தபோது தாமஸ் ஹர்ஸ்ட் என்ற இளைஞர் அவருக்குப் பழக்கமானார். ஹர்ஸ்ட் தொழில் பழகிக்கொண்டிருந்த பையன். அந்த நட்பு ஹர்ஸ்டின் ஆயுள் முழுவதும் நீடித்தது.

சில ஆண்டுகளில் ரெயில் பித்துத் தெளிந்தது. கம்பெனிகள் பல கவிழ்ந்தன. டிண்டல் வேறு வேலை தேடினார்.

வாத்தியார் மாணவர் ஆனார்

1847-ல் ஹாம்ப்ஷயரில் உள்ள குவீன்வுட் என்ற பள்ளிக்குக் கணித ஆசிரியராகப் போனார். அங்கே ரசாயனம் கற்பித்தவர் எட்வர்டு பிராங்க்லண்டு.

இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். டிண்டல் பிராங்க்லண்டுக்குக் கணக்குச் சொல்லித் தருவது. பிராங்க்லண்டு டிண்டலுக்கு ரசாயனம் சொல்லித் தருவது. ஆளுக்கு ஒரு பாடம். சம்பளம் இல்லாத வாத்தியார்கள்!

பாடம் வளர வளர ஆசையும் வளர்ந்தது. அந்தக் காலத்தில் விஞ்ஞானப் படிப்புக்கு ஜெர்மனிதான் பேர்போன இடம். 1848-ல் இருவரும் புறப்பட்டு ஜெர்மனியில் மார்பர்க் நகரத்துக்குப் போனார்கள். டிண்டல் ரெயில் வேலையில் மிச்சம் பிடித்த பணத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அப்போது அவருக்கு வயது 28. அந்த வயதில் உத்தியோகத்தை விட்டுவிட்டு மாணவர்களோடு பெஞ்சியில் உட்கார்ந்தார். ஜெர்மன் பாஷை அவருக்குச் சரியாகத் தெரியாது. ராபர்ட் புன்சன் என்ற பெரிய ரசாயன அறிஞரின் பாடங்களைக் கேட்டுக் கேட்டே பாஷையையும் பிடித்துக்கொண்டார். விடியுமுன் எழுந்து படித்தார்.

இரண்டே ஆண்டுகளில் டாக்டர் பட்டம் பெற்றார்!

பட்டம் வந்தது, வேலை வரவில்லை. மறுபடியும் பழைய பள்ளிக்கூடத்துக்கே திரும்பினார். கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டார். கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கும் போட்டார். அதுவும் கிடைக்கவில்லை.

ஒரே இரவில் புகழ்

லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்று ஒரு பெயர்பெற்ற ஆராய்ச்சிக் கூடம் உண்டு. மைக்கேல் பாரடே அங்கேதான் ஆராய்ச்சி செய்தார். மின்சார யந்திரங்களுக்கு வழிகாட்டிய மேதை அவர்.

1853-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அங்கே பேச டிண்டலை அழைத்தார்கள். சபை நிறைந்திருந்தது. டிண்டல் பேசினார், சோதனைகளைச் செய்து காட்டினார். கேட்டவர்கள் வியந்தார்கள்.

சில மாதங்களில் அந்த இடத்திலேயே அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது.

பாரடே கொல்லர் மகன். புத்தகம் பைண்டு செய்து பிழைத்தவர். டிண்டல் போலீஸ்காரர் மகன். நிலம் அளந்து பிழைத்தவர். இருவரும் ஒரே கூரையின்கீழ் ஆராய்ச்சி செய்தார்கள்.

டிண்டல் பெரியவர்களுக்கு மட்டும் பேசவில்லை. அங்கே கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர் சிறுமியருக்கென்று தொடர் சொற்பொழிவு நடப்பது வழக்கம். அந்தத் தொடரை அவர் பன்னிரண்டு தடவை நடத்தினார்.

பனிமலை எழுப்பிய கேள்வி

டிண்டலுக்கு மலை ஏறுவதில் ஆசை அதிகம். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் பல சிகரங்களை ஏறியவர். 1861-ல் வைஸ்ஹார்ன் என்ற சிகரத்தின் உச்சியில் முதன்முதலாகக் கால் வைத்தவர்களில் ஒருவர். அந்தச் சிகரத்தின் உயரம் 4,500 மீட்டருக்கு மேல்!

மலையில் பனி ஆறுபோல் மெல்ல நகர்வதை அவர் அளந்து பார்த்தார். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரும் பகுதியைப் பனி மூடியிருந்தது என்று அப்போதே விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருந்தார்கள்.

அவ்வளவு பனி எப்படி வந்தது? பிறகு ஏன் உருகிப் போயிற்று? உலகத்தின் சீதோஷ்ண நிலையே மாறியிருக்க வேண்டும். அது எப்படி மாறும்?

இன்னொன்றையும் பாருங்கள். பகலில் வெயில் அடிக்கிறது. நிலம் சூடாகிறது. இரவில் அந்தச் சூடு வானத்தை நோக்கிப் போய்விடுகிறது. போவது முழுவதும் போய்விட்டால் விடிவதற்குள் எல்லாம் விறைத்துவிட வேண்டுமே! அப்படி ஆவதில்லை. எதுவோ அந்தச் சூட்டைப் பிடித்து நிறுத்துகிறது.

பிரான்சு தேசத்துக் கணித மேதை பூரியே, காற்றுக்கும் இதில் பங்கு உண்டு என்று 1820-களிலேயே எழுதியிருந்தார். ஆனால் காற்று என்பது ஒரே பொருள் அல்ல. பல வாயுக்களின் கலவை. அவற்றில் எது சூட்டைப் பிடிக்கிறது?

அளந்து பார்த்துவிடுவோம் என்று டிண்டல் இறங்கினார்.

இந்துப்பும் பித்தளைக் குழாயும்

1859-ம் ஆண்டு மே மாதம் சோதனை தொடங்கியது.

ஒரு நீண்ட பித்தளைக் குழாய். அதற்குள் வாயுவை அடைக்க வேண்டும். ஒரு முனையில் கொதிநீர் நிரம்பிய பெட்டி. மறு முனையில் வெப்பத்தை அளக்கும் கருவி. பெட்டியிலிருந்து கிளம்பும் வெப்பம் குழாய்க்குள் இருக்கும் வாயுவைக் கடந்து கருவியில் போய்ப் பட வேண்டும்.

குழாயின் இரு முனைகளையும் எதைக் கொண்டு மூடுவது? கண்ணாடி உதவாது. கண்ணாடி இந்த வெப்பத்தை மறித்துவிடும். மறிக்காத பொருள் ஒன்று உண்டு. அது நம் வீட்டு மருந்துப் பெட்டியிலும் இருக்கும் இந்துப்பு! பாறைபோல் கிடைக்கும் இந்துப்பைத் தகடாகச் செதுக்கி, மெருகேற்றி, முனைகளை மூடினார்.

வெப்பம் பட்டால் அந்தக் கருவியில் மின்சாரம் பிறக்கும். மின்சாரம் பிறந்தால் ஒரு முள் அசையும். ஆனால் வாயு பிடிக்கும் வெப்பம் மிகச் சொற்பம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தராசை நினைத்துக்கொள்ளுங்கள். இரு தட்டிலும் எடை சமமாக இருந்தால் முள் நடுவில் நிற்கும். ஒரு தட்டில் ஒரு நெல்மணி போட்டாலும் முள் சாயும். டிண்டல் கருவியின் மறு பக்கத்திலும் ஒரு கொதிநீர்ப் பெட்டியை வைத்தார். இரு பக்க வெப்பத்தையும் சமமாக்கி முள்ளை நடுவில் நிறுத்தினார். பிறகு குழாய்க்குள் வாயுவை விட்டார். வாயு சிறிது வெப்பத்தைப் பிடித்தாலும் முள் காட்டிக்கொடுத்துவிடும்!

பிராணவாயுவை விட்டார். முள் அசைந்ததாகவே சொல்ல முடியாது. நைட்ரஜனை விட்டார். அப்படியேதான். காற்றில் நூற்றுக்கு 99 பங்கு இந்த இரண்டும்தான். அவை வெப்பத்தைத் தடுக்கவே இல்லை.

நீராவியை விட்டார். முள் சாய்ந்தது! கரியமில வாயுவை விட்டார். முள் சாய்ந்தது!

காற்றில் மிகச் சொற்பமாக இருக்கும் வாயுக்கள்தான் பூமிக்குப் போர்வை!

1859 ஜூன் 10-ந் தேதி ராயல் இன்ஸ்டிடியூஷனில் இதை எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டினார். விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் அன்று தலைமை வகித்தார்.

அதோடு டிண்டல் நிற்கவில்லை. பழைய அளவைக்காரர் அல்லவா? அளந்ததை மறுபடி அளந்தார். 1860-ம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஏழு வாரங்கள், நாள்தோறும் எட்டு முதல் பத்து மணி நேரம் அந்தக் குழாயின் முன் நின்றார்.

வாசனைப் பொருள்களைக்கூட விடவில்லை. ரோஜா அத்தர், கிராம்புத் தைலம், சந்தனம் எல்லாவற்றின் வாசனையையும் குழாய்க்குள் செலுத்திப் பார்த்தார். சந்தன வாசனை ஏறிய காற்று, வெறும் காற்றைப்போல் முப்பது மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்தது!

இந்த வாயுக்களின் அளவு கூடினாலும் குறைந்தாலும் உலகத்தின் சீதோஷ்ண நிலை மாறும் என்று அவர் 1861-ல் எழுதினார். பழைய பனிக்காலம் வந்து போனதற்கு இது காரணமாக இருக்கலாம் என்பது அவர் கருத்து.

மறந்துபோன பெண்மணி

இங்கே ஒரு பெண்மணியின் பெயரைச் சொல்லியாக வேண்டும். அவர் அமெரிக்காவைச் சேர்ந்த யூனிஸ் பூட்.

டிண்டலுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1856-ல், அவர் ஒரு சோதனை செய்தார். கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் மற்றவற்றைவிட அதிகம் சூடேறியது. காற்றில் இந்த வாயு கூடினால் உலகம் சூடாகும் என்று அவர் அப்போதே எழுதினார்.

பூமியிலிருந்து கிளம்பும் வெப்பத்தைத் தனியாகப் பிரித்து அளந்தவர் டிண்டல்தான். ஆனால் கரியமில வாயுவைப் பற்றி முதலில் சொன்ன பெருமை அந்தப் பெண்மணிக்கு உரியது. டிண்டலின் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. ஏறக்குறைய 150 ஆண்டுகள் உலகம் அவரை மறந்தே இருந்தது.

சூரியன் கொடுத்த சொத்து

வெப்பம் என்பது என்ன என்று பாமரருக்கும் புரியும்படி டிண்டல் பல சொற்பொழிவுகள் செய்தார். அவை 1863-ல் புத்தகமாக வந்தன.

விறகு எரிகிறது. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? மரத்திலிருந்து. மரத்துக்கு எங்கிருந்து வந்தது? சூரியனிடமிருந்து. நிலக்கரி என்பது பழங்காலத்துக் காடு. ஆகவே ரெயிலை இழுக்கும் சக்தியும் பழங்காலத்துச் சூரிய வெப்பம்தான். சக்தி புதிதாகப் பிறப்பதில்லை, அழிவதுமில்லை. உருவம் மாறுகிறது.

இந்த உண்மையை 1842-லேயே எழுதியவர் மேயர் என்ற ஜெர்மன் வைத்தியர். அவரை யாரும் மதிக்கவில்லை. மனம் உடைந்து பைத்திய ஆஸ்பத்திரியில் கிடந்தார். 1862-ல் லண்டனில் பேசிய டிண்டல், இந்தப் பெருமை மேயருக்கு உரியது என்று எடுத்துச் சொன்னார். தம் நாட்டு விஞ்ஞானிகளே தம்மீது கோபித்துக்கொண்டபோதும் பின்வாங்கவில்லை. 1871-ல் ராயல் சொசைட்டி தன் உயர்ந்த பதக்கத்தை மேயருக்கு வழங்கியது.

மேயருக்காக வாதாடிய டிண்டல் எல்லா விஷயத்திலும் நியாயத்தின் பக்கம் நின்றார் என்று சொல்ல முடியாது. 1865-ல் ஜமைக்கா தீவில் கறுப்பு மக்கள் கிளர்ச்சி செய்தபோது, கவர்னர் அயர் அதைக் கொடூரமாக அடக்கினார். நானூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அந்தக் கவர்னருக்கு ஆதரவாகச் சேர்ந்த குழுவில் டிண்டலும் இருந்தார். வாயுவை அளந்த நிதானம் அங்கே அவரிடம் இல்லை.

எந்த விளக்கு நல்லது?

இங்கிலாந்தின் கடற்கரைக் கலங்கரை விளக்கங்களை நிர்வகிப்பது டிரினிட்டி ஹவுஸ் என்ற அமைப்பு. பாரடே அதற்கு விஞ்ஞான ஆலோசகராக இருந்தார். முதுமையால் அவர் விலகியபின், 1866-ல் டிண்டல் அந்தப் பொறுப்பை ஏற்றார்.

விளக்கை எதைக் கொண்டு எரிப்பது? எண்ணெயா? வாயுவா? மின்சாரமா? எது வெளிச்சம் அதிகம்? எது செலவு குறைவு? இப்படி அரசாங்கம் கேட்கும். டிண்டல் அளந்து பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். விளக்கு மங்கினால் கப்பல் பாறையில் மோதும், ஆட்கள் சாவார்கள். ஆகவே பதில் சரியாக இருக்க வேண்டும்.

1873-ல் டோவர் அருகே கடலில் ஒலி எழுப்பிச் சோதனை செய்தார். மூடுபனி ஒலியைத் தடுக்கும் என்று அதுவரை எல்லோரும் நம்பினார்கள். டிண்டல் அளந்து பார்த்தார். வெயில் அடிக்கும் தெளிவான நாளிலேயே சில சமயம் ஒலி கேட்கவில்லை. மூடுபனி நாளில் நெடுந்தூரம் கேட்டது! பழைய நம்பிக்கை பொய்யாயிற்று.

அப்போது டப்ளின் நகரத்தில் விகாம் என்பவர் வாயு விளக்கு ஒன்றைச் செய்திருந்தார். வானம் தெளிவாக இருந்தால் 28 சுடர் எரியும். மூடுபனி வந்தால் ஒவ்வொரு படியாக ஏற்றி 108 சுடர் வரை எரிக்கலாம். தேவைக்கு ஏற்றபடி எரிபொருள் செலவு! டிண்டல் அதைச் சோதித்து, நல்ல விளக்கு என்று சொன்னார்.

ஆனால் டிரினிட்டி ஹவுஸின் பொறியாளரும் விளக்குகள் செய்துவந்தார். விகாமுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பது டிண்டலின் எண்ணம். மந்திரி சேம்பர்லேன் வரைக்கும் எழுதிப் பார்த்தார். பலன் இல்லை.

1883-ல் டிண்டல் ராஜினாமா செய்தார். பதவியும் போயிற்று, சம்பளமும் போயிற்று.

1843-ல் ஊழியர்களின் நியாயத்துக்காக ஒரு வேலை போயிற்று. ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்து, இன்னொருவரின் நியாயத்துக்காக இன்னொரு வேலை! 23 வயதில் இருந்த பிடிவாதம் 60 வயதைத் தாண்டியும் குறையவில்லை.

பிறகு நடந்த சோதனைகளில், சாதாரண விளக்குகளுக்கு எண்ணெயே சிக்கனம், முக்கியமான இடங்களுக்கு மின்சாரம் என்று முடிவாயிற்று. வாயு வெல்லவில்லை. ஆனால் டிண்டல் விலகியது வாயு ஜெயிக்க வேண்டும் என்பதற்காக அல்ல. போட்டி நியாயமாக நடக்க வேண்டும் என்பதற்காக.

நீல வானம்

டிண்டல் கை வைத்த துறைகள் பல. புகையில் சிக்கிய தீயணைப்புக்காரர்கள் மூச்சுவிடப் பஞ்சும் கரியும் சேர்த்து முகமூடி செய்தார். காற்றில் மிதக்கும் தூசியோடு நோய்க் கிருமிகளும் திரிகின்றன என்று காட்டினார்.

நுண்ணிய துகள்கள்மீது வெளிச்சம் பட்டுச் சிதறும்போது நீல நிறம் தோன்றுவதையும் காட்டினார். வானம் ஏன் நீலம் என்ற கேள்விக்கு அது ஒரு படி. பின்னர் ராலே பிரபு அதை மேலும் விளக்கினார். திருச்சிராப்பள்ளி அருகே பிறந்த நம் சி.வி.ராமன் 1921-ல் கப்பலில் போகும்போது, கடல் ஏன் நீலம் என்று கேட்டு அதே பாதையில் நடந்தார். 1930-ல் நோபல் பரிசு பெற்றார்.

1872-ல் டிண்டல் அமெரிக்காவுக்குப் போய் 35 சொற்பொழிவுகள் செய்தார். செலவு போக ஏறக்குறைய 13,000 டாலர் மிஞ்சியது. அதை அவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. அமெரிக்க மாணவர்களின் விஞ்ஞானப் படிப்புக்கே கொடுத்துவிட்டார்!

கை மாறிய மருந்து

டிண்டல் 55 வயது வரை பிரமசாரி. 1876-ல் லூயிசா ஹாமில்டன் என்ற பிரபு குடும்பத்துப் பெண்ணை மணந்தார். குழந்தைகள் இல்லை. லூயிசா அவருக்கு எழுத்து வேலையிலும் ஆராய்ச்சியிலும் துணையாக இருந்தார்.

முதுமையில் டிண்டலுக்கு உடல் நலிந்தது. இரவில் தூக்கம் வராது. அதற்கு ஒரு மருந்து. வயிற்றுக்கு வேறொரு மருந்து.

1893-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி. காலை வேளை. லூயிசா வயிற்று மருந்து என்று நினைத்து, தூக்க மருந்தை அளவுக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டார். சில நிமிடங்களில் தவறு தெரிந்தது. வைத்தியர்கள் வந்து என்னென்னவோ செய்தார்கள். பலிக்கவில்லை. அன்று மாலை டிண்டல் காலமானார்.

அன்பு மனைவியின் கையாலேயே வந்த சாவு! விசாரணையில், இது தற்செயலாக நேர்ந்த விபத்து என்று தீர்ப்பாயிற்று.

லூயிசா அதன்பின் 46 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. கணவரின் கடிதங்களையும் குறிப்புகளையும் ஒவ்வொன்றாகச் சேகரித்தார். அவர் வாழ்க்கையை எழுதி முடிக்க வேண்டும் என்பதே ஒரே நோக்கம். ஆனால் எவ்வளவு எழுதியும் மனம் நிறையவில்லை. 1940-ல் லூயிசா இறந்தார். வாழ்க்கை வரலாறு 1945-ல்தான், வேறு இருவர் எழுதி வெளிவந்தது.

முள் இன்னும் சாய்கிறது

டிண்டல் இறந்த மூன்றாம் ஆண்டு, 1896-ல், சுவீடன் நாட்டு விஞ்ஞானி அர்ரேனியஸ் கணக்குப் போட்டார். காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் உலகம் எவ்வளவு சூடாகும் என்று கணக்கிட்டார்.

டிண்டல் காலத்தில் பத்தாயிரம் பங்கு காற்றில் கரியமில வாயு மூன்று பங்குகூட இல்லை. 1958-ல் ஹவாய்த் தீவில் கீலிங் என்ற அமெரிக்கர் அளக்கத் தொடங்கியபோது மூன்று பங்கைத் தாண்டியிருந்தது. இன்று நான்கு பங்கையும் தாண்டிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததுதான் முக்கிய காரணம். போர்வை கனமாகிக்கொண்டே வருகிறது.

2000-ம் ஆண்டில் இங்கிலாந்தில் இதை ஆராய ஒரு நிலையம் தொடங்கினார்கள். சீதோஷ்ண மாறுதலைப் பற்றியும், எந்தச் சக்தியை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றியும் ஆராய்ந்து அரசாங்கத்துக்குச் சொல்வது அதன் வேலை. அதற்கு டிண்டல் நிலையம் என்றே பெயர் வைத்தார்கள்.

அங்கே வேலைக்கு வருகிறவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள். அந்தப் பெயருக்கு உரியவரோ, சங்கிலி பிடித்து வயலில் நடந்தவர். ஆனாலும் இருவருக்கும் வேலை ஒன்றுதான். சரியாக அளக்க வேண்டும். அளந்ததை, கேட்பவர் முகம் சுளித்தாலும், உள்ளபடி சொல்ல வேண்டும்.